ரோசன்பெர்க்: ஒரு குடும்பப்பெயருக்கு நான்கு தோற்றுவாய்கள்

1946 அக்டோபர் 16 அன்று நூரெம்பெர்க் நகரில் தூக்கிலிடப்பட்ட நாஜித் தலைவர்களுள் ஒருவர் ஆல்ஃபிரெட் ரோசன்பெர்க். யூத வெறுப்பை அக்கட்சியின் கோட்பாடாக எழுதி வைத்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர் அவர். ஏழாண்டுகள் கழித்து, 1953 ஜூன் 19 அன்று, நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில் ஜூலியஸ் ரோசன்பெர்க், எத்தல் ரோசன்பெர்க் என்ற தம்பதியர் மின்நாற்காலியில் கொல்லப்பட்டனர். அணுகுண்டு ரகசியங்களைச் சோவியத் யூனியனுக்குக் கொடுக்கச் சதி செய்தார்கள் என்பது அவர்கள் மீதான வழக்கு. அவர்கள் இருவரும் யூதர்கள்.

இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு. யூதர்களை அழிக்கச் சொன்னவருக்கு ‘யூதப் பெயர்’ எப்படி வந்தது? அவரே மறைமுகமாக யூத வம்சத்தில் வந்தவரோ? இந்தச் சந்தேகம் புதியதன்று. ஆல்ஃபிரெட் ரோசன்பெர்க் உயிரோடிருந்தபோதே அவருடைய எதிரிகள் இதைக் கேலியாகவும் குற்றச்சாட்டாகவும் கிளப்பினார்கள். இப்போதும் நாஜிகள் கொள்ளையடித்த ஓவியங்களைத் திருப்பித் தரும் வழக்குகள் செய்தியில் வரும்போதெல்லாம், கொள்ளையடித்தவர் பெயரும் பறிகொடுத்தவர் பெயரும் ரோசன்பெர்க் என்றே இருப்பதைக் கண்டு வாசகர்கள் குழம்புகிறார்கள்.

கேள்வியில் மறைந்திருக்கும் அனுமானம்தான் தவறு. ஐரோப்பியக் குடும்பப்பெயர் என்பது பெரும்பாலும் ஒரு பதிவேட்டில் ஒருநாள் எழுதப்பட்ட சொல். அது எந்த அரசின் பதிவேடு, எந்த ஆண்டு, எந்த மொழியில் எழுதும் எழுத்தர் என்பவற்றைத்தான் அந்தப் பெயர் நமக்குக் காட்டும். எழுதப்பட்டவரின் மதமோ வம்சமோ அதற்குள் இல்லை. ரோசன்பெர்க் என்ற பெயர் குறைந்தது நான்கு தனித்தனி வழிகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், பிறந்திருக்கிறது.

பெயரின் அமைப்பு

ஜெர்மன் மொழியில் ‘ரோசன்’ என்பது ரோஜாக்களையும், ‘பெர்க்’ என்பது மலை அல்லது குன்றையும் குறிக்கும். ‘பெர்க்’ வேறு, ‘புர்க்’ வேறு. பின்னது கோட்டையைக் குறிப்பது. இரண்டும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வருவதாலும், ஆங்கில வழியாக நம்மிடம் வரும்போது ஒலி மழுங்கிவிடுவதாலும் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

பெயரின் வரலாற்றைப் பின்தொடர மூன்று சொற்களை வரையறுத்துக்கொள்வது உதவும்.

1. ஊர்வழிப் பெயர்: ஒருவர் எந்த ஊரிலிருந்து வந்தாரோ, எந்த நிலத்துக்கு உரியவரோ, அந்த இடத்தின் பெயர் அவருக்கு ஒட்டிக்கொள்வது.

2. தந்தைவழிப் பெயர்: தந்தையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்வது. தலைமுறைக்குத் தலைமுறை இது மாறும். தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து செய்யும் வேலை இதுதான்.

3. அலங்காரப் பெயர்: ஊரோடும் தொழிலோடும் தந்தையோடும் தொடர்பின்றி, ஒலியும் பொருளும் நன்றாக இருப்பதற்காகச் சேர்த்துக் கட்டிய பெயர்.

ரோசன்பெர்க் இவற்றில் முதல் வகையாகவும் இருக்கலாம், மூன்றாம் வகையாகவும் இருக்கலாம். எழுத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

முதல் வழி: ஊரும் கோட்டையும்

ஜெர்மன் மொழி பேசப்பட்ட நிலப்பரப்பில் ரோசன்பெர்க் என்ற இடங்கள் ஏராளம். பவேரியாவில் 1934-இல் இரண்டு ஊர்கள் இணைக்கப்பட்டு உருவான சூல்ஸ்பாக்-ரோசன்பெர்க் நகரம் இருக்கிறது. குரோனாக் நகரின் மேல் நிற்கும் பெருங்கோட்டையின் பெயர் ரோசன்பெர்க். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் அதே பெயரில் சிற்றூர்கள் உண்டு. இன்று போலந்தில் சூஷ் என்றும் ஒலெஸ்னோ என்றும் வழங்கும் இரு ஊர்கள் முன்பு ஜெர்மன் மொழியில் ரோசன்பெர்க் என்றே அழைக்கப்பட்டன. ஸ்லோவாக்கியாவின் ருஜொம்பெரொக் நகரமும் அதே பெயரின் உள்ளூர் வடிவம்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை ஜெர்மன் நாடுகளில் குடும்பப்பெயர்கள் படிப்படியாக நிலைபெற்றபோது, இந்த ஊர்களிலிருந்து வேறிடம் போய்க் குடியேறிய கிறிஸ்தவர்களுக்கு ரோசன்பெர்க் என்ற பெயர் அமைந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்ததால், ஒன்றுக்கொன்று உறவில்லாத பல குடும்பங்கள் அக்காலத்திலேயே இப்பெயரைத் தாங்கின.

பிரபுக்கள் மத்தியிலும் இப்பெயர் பரவியிருந்தது. இன்றைய செக் நாட்டின் தென்போஹீமியாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த ரோசன்பெர்க் கோட்டையின் பெயரைத் தன் குலப்பெயராக்கிக்கொண்ட செக் பிரபுக் குடும்பம், செக் மொழியில் ரோஜ்ம்பெர்க் எனப்படுவது, பிராகில் ஆண்ட அரசர்களுக்கே சவால் விடும் செல்வாக்குடன் செஸ்கி குரும்லோவ் நகரிலிருந்து ஆண்டது. ஐந்து இதழ்கொண்ட சிவப்பு ரோஜா அதன் சின்னம். 1611-இல் வாரிசின்றி அக்குலம் முடிந்தது. செக் மொழி பேசிய பிரபுக்கள் தம் கோட்டைக்கு ஜெர்மன் பெயர் வைத்தது அக்காலத்து நாகரிகம். ஆகவே இந்தப் பெயருடைய மிகப் புகழ்பெற்ற பழங்குடும்பம் யூதருமல்ல, முழுமையான பொருளில் ஜெர்மானியருமல்ல.

ஆஸ்திரியாவின் கரிந்தியாப் பகுதியில் ஓர்சினி-ரோசன்பெர்க் என்ற கத்தோலிக்கப் பிரபுக் குடும்பமும் உண்டு. இதில் வந்த கோமகன் ஃபிரான்ஸ் சேவியர் ஓர்சினி-ரோசன்பெர்க், வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசேப்பின் அரண்மனையில் உயர் பதவி வகித்தவர். இசைமேதை மொட்சார்ட்டின் காலத்தில் வியன்னா அரசவை அரங்குகளை நிர்வகித்தவரும் அவரே. இந்தப் பேரரசரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யூத ரோசன்பெர்க்குகளில் பலர் உருவாகக் காரணமான ஆணையில் கையெழுத்திட்டவர் அவர்தான்.

இரண்டாம் வழி: பேரரசரின் ஆணை

மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்களுள் பெரும்பாலோருக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை நிலையான குடும்பப்பெயர் கிடையாது. தந்தைவழிப் பெயரே போதுமானதாக இருந்தது. மெண்டலின் மகன் மோசே என்றால், எபிரேய மொழியில் ‘மோசே பென் மெண்டல்’. அவரே பிற்காலத்தில் ஜெர்மன் மொழியில் மோசஸ் மெண்டல்சோன் என்று தத்துவ உலகில் அறியப்பட்டார். விதிவிலக்குகளும் இருந்தன. குருமரபினரான கோஹன், லேவி என்ற பட்டங்கள் பெயர்போல் வழங்கின. ஃபிராங்ஃபர்ட் யூதத் தெருவில் வீட்டு வாயிலில் தொங்கிய அடையாளப் பலகையே குடும்பத்தின் பெயராவது வழக்கம். சிவப்புக் கேடயம் தாங்கிய வீட்டிலிருந்து ரோத்ஷில்ட் என்ற பெயர் வந்தது அப்படித்தான். ஓப்பன்ஹைம், ஸ்பேயர், எப்ஸ்டைன், லாண்டாவ் முதலிய ஊர்ப்பெயர்களும் சில ரப்பிக் (யூத மதகுருக்) குடும்பங்களுக்குப் பல தலைமுறை முன்பே நிலைத்துவிட்டன. ஆனால் சாதாரண யூதருக்கு இவை எதுவும் இல்லை.

இந்த ஏற்பாடு யூதச் சமூகத்துக்குள் எந்தச் சிக்கலையும் தரவில்லை. சிக்கல் அரசுக்குத்தான். 1772-இல் போலந்து முதன்முறையாகத் துண்டாடப்பட்டபோது, கலீசியா என்ற பெரும் பகுதி ஹாப்ஸ்பர்க் பேரரசின் வசமானது. அங்கே வாழ்ந்த யூத மக்கள் மிகப் பெரிய எண்ணிக்கையினர். அவர்களிடம் வரி வசூலிக்கவும், படைக்கு ஆள் எடுக்கவும், வழக்குமன்றத்தில் கடன் பத்திரங்களைச் சரிபார்க்கவும், மகன் பிறந்ததும் மாறிவிடும் பெயரை வைத்துக்கொண்டு வியன்னாவின் எழுத்தர்கள் என்ன செய்வார்கள்?

1787 ஜூலை 23 அன்று இரண்டாம் யோசேப்பு பிறப்பித்த ஆணையின் சாரம் இதுதான்:

1. 1788 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு யூதக் குடும்பத் தலைவரும் நிலையான குடும்பப்பெயர் ஒன்றை ஏற்க வேண்டும். திருமணமாகாத பெண் தந்தையின் பெயரையும், மணமானவள் கணவனின் பெயரையும் தாங்க வேண்டும்.

2. பிறப்பு, விருத்தசேதனம், திருமணம், இறப்புப் பதிவேடுகள் ஜெர்மன் மொழியில் இருக்க வேண்டும்.

3. யூத வழக்கில் இருந்த பெயர்களும், குடியிருக்கும் ஊரை ஒட்டிய பெயர்களும் கைவிடப்பட வேண்டும். தெப்லிட்ஸ் ஊரார் ஒருவர், கொலின் ஊரார் ஒருவர் என ஆணையே இதற்கு உதாரணமும் காட்டியது.

மூன்றாவது விதியின் விளைவைக் கவனித்தால் ரோசன்பெர்க்கின் பெருக்கம் புரியும். தந்தை பெயர் கூடாது, எபிரேயச் சொல் கூடாது, ஊர்ப்பெயரும் கூடாது. ஆனால் பெயர் ஜெர்மனாக இருக்க வேண்டும். எஞ்சியவை தொழிற்பெயர், உடற்குறிப்பு, அலங்காரப் பெயர் ஆகிய மூன்றே. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே மூச்சில் பெயர் எழுத வேண்டிய நிலையில், அலங்காரப் பெயர்களைக் கட்டுவதற்கு எளிய முறை ஒன்று இருந்தது. முன்பகுதிக்கு ரோசன், கோல்ட், சில்பர், குரூன், புளூமன், வைன். பின்பகுதிக்கு பெர்க், பாவும், ஃபெல்ட், ஸ்டைன், தால், ஸ்வைக். பொன், வெள்ளி, பச்சை, பூ, திராட்சை மது ஒருபக்கம்; மலை, மரம், வயல், கல், பள்ளத்தாக்கு, கிளை மறுபக்கம். இரண்டு பட்டியலிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து இணைத்தால் கோல்ட்பெர்க், ரோசன்தால், குரூன்ஃபெல்ட், வைன்ஸ்டைன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ரோசன்பெர்க் இந்தச் சேர்க்கைகளில் ஒன்று. மலையும் ரோஜாவும் அந்தக் குடும்பத்தின் அருகில் எங்கும் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

‘ரோசன்’ பகுதிக்கு மட்டும் கூடுதலாக ஒரு விளக்கம் உண்டு. யூதப் பெண்களிடையே ரோய்ஸே என்ற யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி) பெயர் பரவலாக இருந்தது; அதன் பொருளும் ரோஜாதான். தாயின் அல்லது மனைவியின் பெயரைக் குடும்பப்பெயருக்குள் நுழைப்பது கிழக்கு ஐரோப்பிய யூத வழக்கு என்பதால், சில ரோசன்பெர்க் குடும்பங்களின் வேரில் ஒரு ரோய்ஸே இருந்திருக்கலாம் என்று பெயராய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஹாப்ஸ்பர்க் ஆணையைத் தொடர்ந்து மற்ற அரசுகளும் அதே வழியில் சென்றன. ரஷ்யப் பேரரசு 1804-இலும், நெப்போலியனின் பிரான்ஸ் 1808-இலும், பிரஷ்யா 1812-இலும், பவேரியா 1813-இலும், ரஷ்யப் பிடியிலிருந்த போலந்து இராச்சியம் 1821-இலும் தத்தம் யூதர்களுக்குக் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கின. பிரஷ்யாவின் ஆணை குடியுரிமையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆறு மாதத்துக்குள் நிலையான பெயரை அறிவிப்பவருக்கே குடிமகன் தகுதி. நெப்போலியனின் ஆணை பழைய ஏற்பாட்டுப் பெயர்களையும் நகரப் பெயர்களையும் புதிதாக எடுப்பதைத் தடுத்தது. விதிகள் இடத்துக்கு இடம் மாறியதால் பெயர்களின் சாயலும் மாறியது. கலீசியாவிலும் போலந்தின் பல பகுதிகளிலும் அலங்காரப் பெயர்கள் குவிந்தன. ரஷ்யப் பேரரசின் பெலாரூஸ் பகுதியில் தாயின் பெயரோடு ஸ்லாவிய விகுதி சேர்ந்த பெயர்கள் அதிகம். தென்மேற்கு ஜெர்மனியில் யூதர்களின் பெயர்கள் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்களின் பெயர்களிலிருந்து பிரித்தறிய முடியாதவையாகவே இருந்தன. ரோசன்பெர்க் என்ற ஊரில் வாழ்ந்த யூதர், தடையில்லாத அரசின் கீழ் இருந்தால், அந்த ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளவும் முடிந்தது. எனவே யூத ரோசன்பெர்க்குகளுக்குள்ளேயே ஊர்வழிப் பெயரும் அலங்காரப் பெயரும் கலந்து கிடக்கின்றன.

லஞ்சக் கதை

இந்தப் பெயரைப் பற்றி எழுதும் எவரும் ஒரு கதையைக் கடந்து போக முடியாது. பெயர் பதிய வந்த அதிகாரிகள் பணம் கொடுத்தவர்களுக்கு ரோசன்பெர்க், கோல்ட்ஸ்டைன் போன்ற மணக்கும் பெயர்களையும், கொடுக்க வழியில்லாதவர்களுக்கு இழிவான பெயர்களையும் எழுதினார்கள் என்பது அந்தக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறிய இது அதன்பின் நகைச்சுவைத் துணுக்குகளில் நிலைத்துவிட்டது.

அங்கங்கே ஒரு குறும்புக்கார அதிகாரி இருந்திருக்கலாம். இழிபெயர்கள் சில இருந்ததும் உண்மையே. ஆனால் கதை சொல்வதுபோல் நடந்திருந்தால், கலீசியப் பதிவேடுகளில் அழகிய பெயர்கள் செல்வந்தரிடமும் அசிங்கமான பெயர்கள் திரளான ஏழைகளிடமும் இருந்திருக்க வேண்டும். நிலைமை தலைகீழ். கடும் வறுமையில் உழன்ற அந்தப் பகுதியில்தான் ரோசன்பெர்க் வகைப் பெயர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இழிபெயர்கள் மிகச் சிறுபான்மை. ரோஜாவை எழுத எழுத்தருக்கு மைச் செலவு ஒன்றும் கூடுதலில்லை.

மூன்றாம், நான்காம் வழிகள்: பால்டிக் கரையும் ஸ்வீடனும்

ஸ்வீடனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே நகரவாசிகளும் படைவீரர்களும் இயற்கைச் சொற்கள் இரண்டை இணைத்துக் குடும்பப்பெயர் அமைத்துக்கொள்வது பழைய வழக்கம். மலை, ஓடை, கிளை, லிண்டன் மரம் ஆகியவை அதற்கான உறுப்புகள். ஸ்வீடிஷ் மொழியிலும் ‘பெர்க்’ மலைதான் என்பதால், யூதத் தொடர்பே இல்லாத ரோசன்பெர்க்குகள் அங்கு தாமாகவே உருவானார்கள்.

பால்டிக் பகுதியின் கதை வேறு. இன்றைய எஸ்தோனியாவும் லாத்வியாவும் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தபோதும், நிலமும் நகர வாணிகமும் தேவாலயமும் ஜெர்மன் மொழி பேசும் மேட்டுக்குடியினரின் கையில் இருந்தன. 1816-க்கும் 1819-க்கும் இடையில் அங்கே பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டதும், அதுவரை பண்ணையின் பெயராலும் முதற்பெயராலும் மட்டுமே அறியப்பட்ட எஸ்தோனிய, லாத்விய உழவர்களுக்கும் குடும்பப்பெயர் தேவைப்பட்டது. 1820-களிலும் 1830-களிலும் இந்தப் பதிவு நடந்தது. பண்ணையாரும் பாதிரியாரும் எழுதியது ஜெர்மன் மொழியில். விளைவாக, ஜெர்மன் மொழியும் அறியாத, யூதருமல்லாத லூத்தரன் உழவர் குடும்பங்கள் ரோசன்பெர்க் என்ற பெயருடன் வெளியே வந்தன. கலீசியாவில் நடந்த அதே செயல், சில பத்தாண்டுகள் தாமதமாக, வேறு மக்களுக்கு நடந்தது. லாத்வியாவில் இன்றும் ஆண் ரோசன்பெர்க்ஸ், பெண் ரோசன்பெர்கா என்று உள்ளூர் இலக்கணப்படி இப்பெயர் திரிந்து வழங்குகிறது. 1930-களில் எஸ்தோனிய அரசு ஜெர்மன் ஒலிகொண்ட பெயர்களை எஸ்தோனியப் பெயர்களாக மாற்றிக்கொள்ளும்படி மக்களை ஊக்குவித்தபோது பல ரோசன்பெர்க்குகள் மறைந்தார்கள்.

ஆல்ஃபிரெட் ரோசன்பெர்க் பிறந்தது இந்தக் கரையில்தான்: 1893 ஜனவரியில், அன்று ரேவல் எனப்பட்ட தாலின் நகரில், பால்டிக் ஜெர்மானிய வணிகக் குடும்பத்தில். அவரது தந்தைவழி வேர்கள் ரீகா நகரோடும் லாத்வியர்களோடும் தொடர்புடையவை. கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கான நேரடி விடை இவ்வளவே. அவர் பெயர் பால்டிக் பதிவேட்டில் பிறந்த பெயர்.

பாரிஸில் இரண்டு ரோசன்பெர்க்குகள்

பெயர் ஒன்று, வரலாறு இரண்டு என்பதை ஒரு தெரு முகவரியில் காணலாம். பாரிஸ், லா போயத்தி தெரு, 21-ஆம் எண். அங்கே ஓவிய விற்பனைக்கூடம் நடத்திவந்தவர் பால் ரோசன்பெர்க். அவரது தந்தை, ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்குட்பட்ட பிரெஸ்பர்க் நகரிலிருந்து, இன்றைய பிராட்டிஸ்லாவாவிலிருந்து, பாரிஸுக்கு வந்த யூதர். பால் ரோசன்பெர்க் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிக்காசோ, பிராக், மத்தீஸ் ஆகியோரின் படைப்புகளை விற்றவர். பிக்காசோவுக்கு அண்டை வீட்டுக்காரரும்கூட.

1940-இல் ஜெர்மன் படைகள் பிரான்சுக்குள் நுழைந்ததும் அவர் குடும்பத்துடன் தப்பி நியூயார்க் சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற சேகரிப்பில் நூற்றுக்கணக்கான படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. பாரிஸில் யூதர்களின் கலைச் சொத்துகளைத் தேடிப்பிடித்துப் பட்டியலிட்டு ஜெர்மனிக்கு அனுப்பிய முக்கிய நாஜி அமைப்பின் பெயரிலேயே ரோசன்பெர்க் இருந்தது, ஏனென்றால் அதன் தலைவர் ஆல்ஃபிரெட் ரோசன்பெர்க். ஜூ த போம் அருங்காட்சியகம் அதன் கிடங்கு. லா போயத்தி தெருவின் கட்டடமே 1941-இல் யூத எதிர்ப்புப் பிரசார நிறுவனம் ஒன்றின் அலுவலகமாக மாற்றப்பட்டது.

1944 ஆகஸ்ட் இறுதியில், நேச நாட்டுப் படைகள் நெருங்கிவிட்ட நிலையில், நவீன ஓவியங்கள் அடங்கிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜெர்மனி நோக்கிப் புறப்பட்ட ரயில் பாரிஸுக்கு வெளியே ஓல்னே அருகில் சிக்கிக்கொண்டு நின்றது. அதைக் கைப்பற்றிய சுதந்திரப் பிரெஞ்சுப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய இளம் அதிகாரி அலெக்சாண்டர் ரோசன்பெர்க், பாலின் மகன். திறந்த பெட்டிகளில் தன் வீட்டுச் சுவரில் தொங்கிய ஓவியங்கள் இருப்பதை அவர் கண்டார். மற்றவை ஐரோப்பா முழுவதும் சிதறின. அவற்றைத் தேடிப் பெறுவது அந்தக் குடும்பத்துக்குப் பல தலைமுறை வேலையாயிற்று. செய்திகளில் இப்போதும் அவ்வப்போது தலைகாட்டுவது அந்தத் தேடலின் மிச்சம்.

பெயரை நம்பாத நாஜிகள்

பெயரைக் கொண்டு யூதரை அடையாளம் காண முடியும் என்று மேடையில் முழங்கியவர்களே சட்டம் எழுத உட்கார்ந்தபோது அந்த வழியைக் கைவிட்டார்கள். இதைவிட வலுவான சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன்.

1. 1935 செப்டம்பரில் நூரெம்பெர்க் சட்டங்களும் அவற்றைத் தொடர்ந்த விதிகளும் யார் யூதர் என்பதைத் தாத்தா பாட்டியர் நால்வரில் எத்தனை பேர் யூத மதச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்ற கணக்கைக் கொண்டு தீர்மானித்தன. சரிபார்ப்பு நடந்தது தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளில். இனம் பற்றிய கோட்பாடு நடைமுறையில் மதப் பதிவேட்டைத்தான் நம்பியிருந்தது.

2. 1938 ஆகஸ்ட் 17 அன்று வந்த விதி, அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள யூத முதற்பெயர் இல்லாத ஒவ்வொரு யூதரும் 1939 ஜனவரி 1 முதல் கூடுதல் பெயர் சேர்க்க வேண்டும் என்றது: ஆணுக்கு ‘இஸ்ரேல்’, பெண்ணுக்கு ‘சாரா’. குடும்பப்பெயரே காட்டிக்கொடுத்திருந்தால் இந்த விதிக்கு வேலையே இருந்திராது.

3. அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டுகளில் சிவப்பு நிறத்தில் ‘யூதர்’ என்பதன் முதலெழுத்து முத்திரையிடப்பட்டது. எல்லையில் நிற்கும் சுவிஸ் அதிகாரிக்கு ஒரு ரோசன்பெர்க்கையும் இன்னொரு ரோசன்பெர்க்கையும் பிரித்தறிய வேறு வழியில்லை.

இன்று எங்கே, எவ்வளவு?

இன்று இப்பெயர் மிக அதிகமாகக் காணப்படும் நாடு அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நடந்த பெரும் யூதக் குடியேற்றமே இதற்கு முதற்காரணம். ஜெர்மனி, இஸ்ரேல், ஸ்வீடன் ஆகியவற்றிலும், பிரிட்டன், பிரான்ஸ், அர்ஜென்டினா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகிய யூதர் குடியேறிய நாடுகளிலும் இது காணப்படுகிறது.

இவர்களில் எத்தனை பேர் யூதர் என்று கேட்டால் எண் கிடைக்காது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை குறைந்தது நூறு பேர் தாங்கும் குடும்பப்பெயர்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அதில் இனப் பிரிவு உண்டு, மதம் இல்லை, ஏனென்றால் கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்பதில்லை. இந்தக் குறையை ஈடுசெய்ய அமெரிக்க யூத அமைப்புகளின் ஆய்வாளர்கள் 1940-களிலிருந்தே ‘தனித்த யூதப் பெயர்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்து, தொலைபேசிப் புத்தகத்தில் அப்பெயர்களை எண்ணிச் சமூகத்தின் அளவை மதிப்பிட்டுவந்தார்கள். கோஹன், லெவி, கோல்ட்பெர்க் ஆகியவற்றோடு ரோசன்பெர்க்கும் அந்தப் பட்டியலில் உண்டு. நியூயார்க்கில் இந்த முறை ஓரளவு பலித்தது. அதே பட்டியலை தாலினிலோ ஸ்டாக்ஹோமிலோ கொண்டுபோய் வைத்தால் பயனில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே கூட அது சறுக்கும் இடங்கள் உண்டு: டெக்சாஸ் மாநிலத்தின் ரோசன்பெர்க் நகரம், சுவிட்சர்லாந்தில் பிறந்து கால்வெஸ்டன் நகரில் வங்கியாளராக உயர்ந்த ஹென்றி ரோசன்பெர்க்கின் பெயரால் அமைந்தது, அவர் எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்.

எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் போக்குகளும் உள்ளன. அமெரிக்காவில் வேலைவாய்ப்பிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் யூதர்களுக்கு எதிரான பாகுபாடு நிலவிய இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும், பல குடும்பங்கள் நீதிமன்றத்தில் மனுச் செய்து ரோஸ், ராஸ் என்று பெயரைச் சுருக்கிக்கொண்டன. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் குடிவரவு அதிகாரிகள் பெயரை வெட்டினார்கள் என்று பல குடும்பங்களில் சொல்லப்படுவது சரியன்று. அங்கிருந்தவர்கள், ஐரோப்பியத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் தயாரித்த பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தார்களேயன்றிப் பெயரைப் புதிதாக எழுதவில்லை.

முதல் உலகப் போரின்போது ஜெர்மன் ஒலியே ஆபத்தான பிரிட்டனில் அரச குடும்பமே பெயர் மாற்றியது. 1917-இல் பேட்டன்பெர்க் என்ற பெயரின் ‘பெர்க்’ ஆங்கிலத்தின் ‘மவுண்ட்’ ஆகி முன்னால் போய் மவுண்ட்பேட்டன் ஆயிற்று. இந்தியாவின் கடைசி வைஸ்ராய் பிறந்தபோது வைத்த குடும்பப்பெயர் ரோசன்பெர்க்கின் அதே ஈற்றைக் கொண்டது.

இஸ்ரேலில் காரணம் எதிர்த்திசையில் இருந்தது. போலந்தில் டேவிட் குரூன் என்று பிறந்த முதல் பிரதமர் பென்-குரியன், அரசு உயர் அதிகாரிகளும் படைத்தலைவர்களும் புலம்பெயர் வாழ்வின் ஜெர்மன், ஸ்லாவியப் பெயர்களைக் களைந்து எபிரேயப் பெயர் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். எபிரேயத்தில் ரோஜா ‘வெரெட்’ என்பதால் ‘ரோசன்’ வகைப் பெயர்கள் பலவும் வர்தி என்று மாறின.

ஒரு ரோசன்பெர்க்கின் வேரைத் தேடும் முறை

பெயரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று இதற்குப் பொருளில்லை. சரியான வரிசையில் கேட்க வேண்டும்.

1. முதலில் எழுத்துக்கூட்டல். நடுவில் ஜெர்மன் முறைப்படி ‘எஸ்’ இருந்தால் ஜெர்மன் எழுத்தர். ‘இசட்’ இருந்தால் போலிஷ் எழுத்துமுறை, அல்லது ரஷ்ய, எபிரேய எழுத்திலிருந்து பெயர்த்த வடிவம். ஈற்றில் லாத்விய விகுதி இருந்தால் பால்டிக்.

2. அடுத்து, முன்னோர் 1780-க்கும் 1835-க்கும் இடையில் எந்த அரசின் கீழ் வாழ்ந்தார்கள் என்பது. கலீசிய யூதர் என்றால் 1787 ஆணை. பிரஷ்ய யூதர் என்றால் 1812. லிவோனிய (இன்றைய எஸ்தோனிய, லாத்வியப் பகுதி) உழவர் என்றால் உழவர் விடுதலைக்குப் பிந்தைய பதிவு. இத்தகைய குடும்பங்களுக்கு அந்த ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களில் ரோசன்பெர்க் என்று தேடுவது பெரும்பாலும் வீண் வேலை.

3. அந்த எல்லைக்கு முன்னால் செல்ல வேண்டுமானால் மதப் பதிவேடுதான் வழி. கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஞானஸ்நானப் புத்தகம். யூதக் குடும்பத்துக்குக் கல்லறைக் கல் பல சமயம் அதைவிட நன்றாகப் பேசும். மத்திய ஐரோப்பாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு யூதக் கல்லறைகளில் இருமொழிக் கற்கள் ஏராளம். ஜெர்மன் எழுத்துள்ள பக்கத்தில் முதற்பெயரும் ரோசன்பெர்க்கும் இருக்கும். எபிரேயப் பக்கத்தில் குடும்பப்பெயர் பெரும்பாலும் இராது; இன்னாருடைய மகன் இன்னார் என்று தந்தையின் பெயரோடு வரி முடியும். அரசு கொடுத்த பெயருக்குக் கீழே பழைய முறை அப்படியே தொடர்ந்தது, தொழுகைக் கூடத்தில் இன்றும் தொடர்கிறது. அந்தத் தந்தையின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆணைக்கு முந்தைய வரிப் பட்டியல்களுக்குள் இறங்கலாம்.

4. இரண்டு ரோசன்பெர்க்குகள் உறவினராக இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. ஒரே ஊரில் பெயர் பதிந்த அயலார் இருவர் இதே பெயரை எடுத்திருக்கலாம். அதேபோல் வெவ்வேறு மாவட்டத்தில் பதிந்த உடன்பிறந்த சகோதரர்களில் ஒருவர் ரோசன்பெர்க்காகவும் மற்றவர் வேறெதுவாகவும் ஆகியிருக்கலாம். இரண்டாவதைத் தேடாமல் விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான குடும்பமரங்கள் பாதியில் நிற்கின்றன.